எதற்காக வந்தீர்கள்?

அந்த மனிதர் எங்கள் அறை வாசலை மூன்று முறை கடந்து போனார். முதல் முறை, எக்ஸ்ரே அறையைத் தேடுகிறவர் போல. இரண்டாம் முறை, கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு. மூன்றாம் முறை நின்றார். தலையை மட்டும் உள்ளே நீட்டி, "மேடம், இங்கே சுகர் பார்ப்பார்களா?" என்று கேட்டார்.

வாசலுக்கு மேலே 'நம்பிக்கை மையம்' என்று பெரிய எழுத்தில் பலகை இருந்தது. பக்கத்திலேயே எச்.ஐ.வி. விழிப்புணர்வின் அடையாளமான சிவப்பு ரிப்பன் படம். சர்க்கரை பார்க்கும் ஆய்வகம் அடுத்த கட்டடத்தில் இருந்தது. நான் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "இல்லை ஐயா, அது பக்கத்துக் கட்டடம்" என்று வழி சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு நடந்தார். பக்கத்துக் கட்டடத்துக்குப் போகவில்லை. நேராக வெளிவாசலைத் தாண்டிப் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டார்.

எங்கள் ஆய்வக நுட்புநர் என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். அக்கா என்றுதான் அழைப்பேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கலாம். சுகர் பார்க்க வந்தவர் எதற்காக மூன்று தடவை நம் வாசலைப் பார்க்கப் போகிறார்?"

ஏழு ஆண்டுகள் அந்த அறையில் ஆலோசகராக இருந்தேன். மேற்கு மாவட்டம் ஒன்றில், லாரித் தொழிலை நம்பிப் பிழைக்கும் ஊரின் அரசு மருத்துவமனை அது. ஏழு ஆண்டுகளில் எத்தனையோ பயிற்சி வகுப்புகளுக்குப் போயிருக்கிறேன். அக்கா அன்று கேட்ட அந்த ஒரு கேள்வி அளவுக்கு எந்த வகுப்பும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. எடுத்த ரத்தத்தை வைக்கும் சோதனைக் குழாயின் மேல் பெயரை எழுதுவதில்லை, எண்தான் எழுதுவோம். முதல் பரிசோதனைக் கிட்டில் தொற்றைக் காட்டும் கோடு விழவில்லை என்றால் அரை மணி நேரத்தில் 'நெகட்டிவ்' என்று சொல்லி அனுப்பிவிடலாம். விழுந்தால் வேறு இரண்டு வகைக் கிட்டுகளிலும் பார்த்து, மூன்றும் ஒத்துப்போன பிறகே 'பாசிட்டிவ்' என்போம். காசு வேண்டாம், பெயர் வெளியே போகாது, நேரமும் அதிகம் ஆகாது. இருந்தும், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2023 மதிப்பீட்டின்படி இந்தியாவில் எச்.ஐ.வி.யுடன் வாழும் 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தமக்குத் தொற்று இருப்பது தெரியாது.

விழிப்புணர்வு போதவில்லை என்பார்கள். நான் அதை முழுவதும் நம்பவில்லை. 2000-களின் தொடக்கத்தில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று விழிப்புணர்வு விளம்பரங்கள் சுவரெல்லாம் கேட்ட மாநிலம் இது. எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று என் முன்னால் அமர்ந்த லாரி ஓட்டுநர்கள் எனக்கே பாடம் எடுப்பார்கள். அவர்களை வாசலில் தடுத்து நிறுத்தியது வேறு ஒன்று. இந்த வாசலுக்குள் நுழைவதே ஒரு வாக்குமூலம் ஆகிவிடுகிறது. பல் மருத்துவரிடம் போனால் பல்வலி என்று பொருள். கண் பிரிவில் நின்றால் கண்ணில் கோளாறு. எங்கள் வாசலில் நின்றால், நேற்று அவன் எங்கே படுத்தான் என்று பொருள். ஊர் அப்படித்தான் படிக்கும்.

நாங்களும் அதையேதான் கேட்டோம். உள்ளே வந்தவரை உட்கார வைத்ததும் பதிவேட்டைப் பிரிப்பேன். வயது, தொழில், திருமணம் ஆனவரா என்று கேட்டு முடித்ததும், தொற்று வாய்ப்பு எந்த வழியில் என்று குறிக்க ஒரு கட்டம் வரும். சுற்றி வளைத்துக் கேட்டாலும் கேள்வி ஒன்றே: எதற்காக வந்தீர்கள்? அந்தக் கட்டத்தை நிரப்பும்போதுதான் எதிரில் இருப்பவரின் முகம் மூடிக்கொள்ளும். கணக்கெடுப்புக்கு அந்தத் தகவல் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ரத்தம் எடுப்பதற்கு முன்பே அதைக் கேட்கத்தான் வேண்டுமா என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது. சில மாதங்கள் கழித்து, யாரையும் கேட்காமல், அந்தக் கட்டத்தைக் கடைசியில் நிரப்பத் தொடங்கினேன். ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் அந்த அரை மணி நேரத்தில் மனிதர்கள் தாமாகவே பேசினார்கள்.

மலாவி நாட்டுக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வை வேலையில் சேர்ந்து நான்கைந்து ஆண்டுகள் கழித்துப் படித்தேன். ரெபெக்கா தார்ன்டன் என்ற பொருளியல் ஆய்வாளர் செய்தது; 2008-இல் வெளியானது. வீடு தேடிப் போய்ப் பரிசோதனை செய்தார்கள். முடிவை அறிய விரும்புகிறவர் பிறகு அருகில் அமைக்கப்படும் கூடாரத்துக்கு வர வேண்டும். வந்தால் காசாக்கிக்கொள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு, குலுக்கல் முறையில். சிலருக்கு மூன்று டாலர் வரை, சிலருக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் கிடைக்காதவர்களில் 100-க்கு 34 பேர்தான் முடிவைக் கேட்க வந்தார்கள். ஒரு நாள் கூலியில் பத்தில் ஒரு பங்கு போன்ற அற்பத் தொகை கிடைத்தவர்களிலோ அதைப் போல இரண்டு மடங்கினர் வந்தார்கள். கூடாரம் தள்ளி இருந்தால் வருகிறவர்களின் எண்ணிக்கை குறைந்தது.

இதைப் படித்தபோது என் கண் முன்னால் அந்தச் சுகர் மனிதர் வந்து நின்றார். ஏழைகள் காசுக்கு ஆசைப்பட்டு வந்தார்கள் என்று இதற்குப் பொருள் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தச் சில்லறைக் காசு அவர்கள் கையில் கொடுத்தது ஒரு சாக்கு. "எங்கே போகிறாய்?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டால், "சீட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லலாம். அந்தக் கூடாரத்துக்குப் போகிறவர் யாரும் தன்னைப் பற்றி எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

இந்தக் கண்ணோடு பார்த்தால், பணமில்லாத நாடுகளில் பலன் தந்த வழிகள் பலவும் ஏதோ ஒரு வகையில் சாக்குக் கொடுத்தவைதான். உகாண்டா, கென்யா நாட்டுக் கிராமப்புறங்களில் 2013 முதல் 32 ஊர்ப்பகுதிகளில் நடந்த 'சர்ச்' (SEARCH) என்ற ஆய்வில், முகாம் போட்டு ரத்த அழுத்தம், சர்க்கரை, மலேரியா எல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். எச்.ஐ.வி. அவற்றில் ஒன்று. முகாமுக்கு வராதவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் பரிசோதனை செய்துகொண்டார்கள். போட்ஸ்வானா 2004-இல் வேறு வழி எடுத்தது. மருத்துவமனைக்கு எதற்காக வந்தாலும் இந்தப் பரிசோதனையும் வழக்கமான ஒன்றாகச் செய்யப்படும், வேண்டாம் என்பவர் வேண்டாம் என்று சொல்லலாம். எல்லோருக்கும் செய்தால் யாரும் தனியாக நிற்க வேண்டியதில்லை.

எங்கள் மருத்துவமனையிலேயே ஒன்று நடந்தது. புதிதாக வந்த தலைமை மருத்துவர், எந்தப் பரிசோதனைக்கானாலும் ரத்தம் ஒரே சன்னலில் எடுக்கப்படும் என்று உத்தரவு போட்டார். அவர் நோக்கம் கூட்டத்தைக் குறைப்பது. ஆனால் அதன் பிறகு எங்களிடம் வரத் தயங்கியவர்கள் அந்த வரிசையில் தைரியமாக நின்றார்கள். சர்க்கரைக்காரர், டைபாய்டுக்காரர், கர்ப்பிணி, எங்கள் ஆள் எல்லோர் கையிலும் ஒரே மாதிரியான பஞ்சு. அவர் மாற்றலாகிப் போனதும் சன்னல் பழையபடி பிரிந்துவிட்டது. வரிசையும் கலைந்துபோனது.

எல்லோருக்கும் செய்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அதை நான் சொல்லாமல் போனால் பொய்யாகிவிடும். கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் 'வேண்டாம் என்று சொல்லலாம்' என்பது காகிதத்தில் மட்டும் இருக்கும். எங்கள் ஊர் வழக்கில், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மறுப்பது மரியாதைக் குறைவு. எதற்காக ரத்தம் என்று கேட்கும் பெண்ணை "நீட்டு கையை" என்று அதட்டும் குரலை நான் கேட்டிருக்கிறேன்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டதே அப்படித்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா இந்த ஆய்வை எடுத்தார். பாலியல் தொழில் செய்ததாகப் பிடித்து மயிலாப்பூர்க் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். வைத்துக் காக்க வசதி இல்லாமல் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். ரயில் ஏறி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஆறு மாதிரிகள், தொற்று இருப்பதன் அடையாளமாக, மஞ்சளாக மாறின. நாட்டுக்கே கண் திறந்த கண்டுபிடிப்பு அது. நிர்மலாவின் உழைப்பு மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் எதற்கான ரத்தம் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. அதன் பின் நடந்தது இன்னும் கொடியது. தொற்று இருப்பதாகத் தெரிந்த பெண்கள், அடைப்புக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடப்படவில்லை. பொதுநல வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம் 1990-இல் உத்தரவிட்ட பிறகே அவர்களுக்குக் கதவு திறந்தது.

பரிசோதனை என்றால் பிடித்து அடைப்பார்கள் என்ற பயத்தை மூடநம்பிக்கை என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்வேன். நடந்ததை நினைவில் வைத்திருப்பது மூடநம்பிக்கை ஆகாது.

கர்ப்பிணிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பதிவேட்டில் பெரும்பாலான பக்கங்கள் அவர்களுடையவை. முதல் மாதங்களில் செவிலியர் அனுப்பும் ரத்தப் பரிசோதனைப் பட்டியலில் இதுவும் ஒன்று. யாரும் எதற்காக வந்தாய் என்று கேட்க மாட்டார்கள், வயிறே சாக்கு. பலனும் பெரிது. மருந்து இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 100-க்கு 15 முதல் 45 வரை. சிகிச்சை எடுத்தால் அது 5-க்குக் கீழே இறங்கிவிடும். தொற்றில்லாமல் பிறந்து, பதினெட்டாம் மாத இறுதிப் பரிசோதனைக்கு ஓடியபடி வந்து, என் மேசையிலிருந்த பேனாக்களை எல்லாம் கீழே தள்ளிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஊதியம் அதுதான் என்று சொல்வேன். மாதச் சம்பளம் ஒப்பந்தக்காரர்களுக்குத் தாமதமாகத்தான் வரும்.

ஆனால் வீட்டில் முதலில் பரிசோதிக்கப்படுகிறவள் பெண் என்றால், முதலில் குற்றவாளி ஆகிறவளும் அவளே. ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு முடிவைச் சொன்னேன். அவள் அழவில்லை. "இன்றைக்கு ராத்திரி நான் எங்கே தூங்குவேன் மேடம்?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த வாரம் மாமியார் தனியாக வந்தார். விவரத்தைப் பகிர எனக்கு உரிமை இல்லை என்பதை அவர் ஏற்கவில்லை. "அம்மணி, நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். எங்கள் பையனுக்கு ஒன்றுமில்லை. இவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது" என்றார். பையன் பரிசோதனை செய்துகொள்ளவே இல்லை என்பது எனக்குத் தெரியும். அவனுக்கு அழைப்புச் சீட்டு மூன்று முறை கொடுத்தனுப்பினேன். பிரசவத்துக்கு முந்தைய மாதம்தான் வந்தான். முடிவு என்னவென்று எழுத மாட்டேன். அந்த மாமியார் அதன் பிறகு என் அறைப் பக்கம் வரவில்லை.

அழைப்புச் சீட்டு என்றேனே, அதைப் பற்றிக் கென்யாவின் கிசுமு பகுதியில் ஒரு சோதனை நடந்தது, 2016-இல் வெளியானது. கர்ப்பிணிகளிலும் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களிலும் ஒரு பகுதியினரிடம் கணவருக்கான அழைப்புச் சீட்டைக் கொடுத்தார்கள். மற்றவர்களிடம் வீட்டிலேயே வாயின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் கருவியைக் கொடுத்தார்கள். சீட்டு போன வீடுகளில் ஏறக்குறையப் பாதி ஆண்கள் பரிசோதித்துக்கொண்டார்கள். கருவி போன வீடுகளில் 100-க்கு 90-ஐத் தாண்டியது. ஆணின் பயத்தில் பாதிக்கு மேல் எங்கள் வாசலைப் பற்றிய பயம்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அதே ஆண்டு உலக சுகாதார அமைப்பும் சுயபரிசோதனையைப் பரிந்துரைத்தது. வீட்டுக்குள் ஒரு பெண்ணை வற்புறுத்தவும் அதே கருவி பயன்படலாம் என்ற கவலை எனக்கு உண்டு. ஆனாலும் அந்த மூன்று அழைப்புச் சீட்டுகளின் நினைவு வரும்போதெல்லாம், ஒரு கருவி என் கையில் இருந்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொள்கிறது.

இவ்வளவுக்கும் நடுவே வெறும் நிர்வாகக் குறைகளும் உண்டு. அவற்றை ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஒருநாள், மூன்று வாரமாக யோசித்து, லோடு இறக்கிய கையோடு வந்த ஓட்டுநருக்கு முதல் கிட்டில் கோடு விழுந்துவிட்டது. மூன்றாவது வகைக் கிட் இருப்பில் இல்லை. "திங்கட்கிழமை வாருங்கள்" என்றேன். திங்கட்கிழமை அவர் நாக்பூர் தாண்டியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். பாதி உண்மையைச் சுமந்துகொண்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் போய் வரச் சொல்வது எத்தகைய கொடுமை! அவர் நாற்பது நாள் கழித்து வந்தார். வந்தாரே என்று இருந்தது எனக்கு.

வருவதற்கான முதல் காரணம் மருந்துதான். 2004 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை எட்டு மையங்களில் தொடங்கியது. தாம்பரம் அவற்றில் ஒன்று. அதற்கு முன்பு, வசதி இல்லாத ஒருவர் "தெரிந்து நான் என்ன செய்யப் போகிறேன்?" என்று கேட்டால் அதற்கு நேர்மையான பதில் யாரிடமும் இல்லை. பிறகும் நெடுங்காலம், ரத்தத்தில் நோயை எதிர்க்கும் அணுக்களின் எண்ணிக்கை குறையும்வரை காத்திருங்கள் என்றுதான் திருப்பி அனுப்பினார்கள். 2017-இல்தான் தொற்று உறுதியானதுமே மருந்து என்ற நிலை வந்தது. இன்று மாத்திரையை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. இதை என் முன்னால் அமர்ந்த கணவன் மனைவிக்குச் சொன்னபோது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை ஏன் சுவரில் எழுதவில்லை?" என்று கேட்டார். சுவரில் எழுதியிருந்ததெல்லாம் பயம்தான்.

2018 செப்டம்பர் 10 அன்று எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியிடக் கூடாது, வேலையிலும் மருத்துவத்திலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஆனால் இன்னமும் அறுவைச் சிகிச்சைக்கு முன் சொல்லாமல் பார்த்துவிட்டு, முடிவைப் பார்த்ததும் "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. வளைகுடா வேலைக்கு மருத்துவச் சான்றிதழ் வாங்கப் போகிறவர்கள் 'அன்ஃபிட்' என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வருகிறார்கள். ஏஜெண்டுக்குக் கொடுத்த பணமும் போய், ஏன் அன்ஃபிட் என்று விளக்க ஆளும் இல்லாமல், கையில் ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்த இளைஞர்கள் உண்டு.

அதே ஆண்டு டிசம்பரில் சாத்தூரில் நடந்ததை இந்த வேலையில் இருந்த யாரும் மறக்க முடியாது. கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்தவர் இளைஞர். 2016-இல் அவர் ரத்தம் கொடுத்தபோதே தொற்று இருப்பது பரிசோதனையில் தெரிந்திருந்தது. அந்தச் செய்தி அவரைச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான் அவருக்கே தெரிந்தது. தெரிந்ததும் அவரே போய் மருத்துவமனையில் சொன்னார். பிறகு அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். ஓர் அமைப்பு ஒரு மனிதனின் ரத்தத்தைப் பரிசோதித்து, முடிவையும் எழுதி, இரண்டு ஆண்டுகள் அதை அவனிடம் சொல்லாமல் வைத்திருந்தது. அவனோ, தெரிந்துகொண்ட உடனே போய்ச் சொன்னான். அன்று அறையைச் சாத்திவிட்டு அக்காவும் நானும் எங்கள் பதிவேட்டைத் திருப்பினோம். முடிவைக் கேட்க வராதவர்களின் எண்களை எடுத்து எழுதினோம். இரவு எட்டு மணி வரை அழைத்துக்கொண்டே இருந்தோம்.

அந்தச் சுகர் மனிதர் மறுபடியும் வந்தார். முதல் முறை வந்துபோய் நான்கு மாதம் ஆகியிருந்தது. இந்த முறை நான் எழுந்து வாசலுக்கே போனேன். அவர் அதே கேள்வியைக் கேட்டார். "பார்ப்போம் ஐயா, உள்ளே வந்து உட்காருங்கள்" என்றேன். சென்ற முறைக்குப் பிறகு, என் கைக்காசில் சிறிய குளுக்கோமீட்டர் ஒன்று வாங்கி மேசை மேல் வைத்திருந்தேன். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அரிசியைப் பற்றியும் லாரி ஓட்டும்போது குடிக்கும் டீயைப் பற்றியும் பேசினோம். எழுந்திருக்கும் நேரத்தில் அவர் சொன்னார்: "வந்ததுதான் வந்தேன், மற்றதையும் பார்த்துவிடுங்கள் மேடம்."

அதன் பிறகு எங்கள் அறையில் சுகர் பார்க்கிறார்கள் என்று லாரிப் பட்டறைப் பக்கம் பேச்சு பரவியது. ஸ்ட்ரிப் தீரும்போதெல்லாம் அக்காவும் நானும் மாறி மாறி வாங்கினோம்.

வேலையை விட்ட நாளில், எனக்குப் பின் வந்த பெண்ணிடம் பதிவேடுகளையும் இருப்புக் கணக்கையும் ஒப்படைத்தேன். ஒவ்வொரு பொருளாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர், குளுக்கோமீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு, "மேடம், இது கணக்கில் இல்லையே?" என்றார். கணக்கில் இல்லைதான் என்றேன். பையிலிருந்து புதிதாக வாங்கிவந்த ஸ்ட்ரிப் பெட்டியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். வாசலை யாராவது மூன்று முறை கடந்து போனால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லத் தொடங்கினேன்.